புது ரேடியேட்டர் மாட்டுவதற்கு முன்னால்

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டால் அது நடிப்பு. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு நாளைக்கு முன்னால் நீ போனில் ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தாய். எல்லாம் உங்கள் குளிர் ஊரில் வீட்டைச் சூடாக்கச் சுவரில் மாட்டுகிற ரேடியேட்டர். வெள்ளை, கறுப்பு, ஒற்றைத் தகடு, இரட்டைத் தகடு, ஏணி மாதிரி ஒன்று. கூடவே உன் குரலையும் பதிந்து அனுப்பியிருந்தாய். "நீங்கதானப்பா ஃபிட்டர். எது நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. எல்லாத்தையும் மாத்தப் போறேன். அம்மா ரூம்ல கெடக்க அந்தச் சனியனத்தான் மொதல்ல கழட்டி எறியணும்." அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள் என்றும் சொன்னாய். நான் பதில் போடவில்லை. மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ எடுத்தாய். சாப்பாடு, இங்கே அடிக்கிற வெயில், பாப்பாவுக்கு முளைத்திருக்கிற பல் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதற்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன்.

மார்கழியில் உன் வீட்டில் இருக்கும்போது உன் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் போய்விட்டாள். எங்களுக்கு நீ கொடுத்திருந்த அறையில் ரேடியேட்டர் சூடாகவில்லை. அது பழைய சாமான், அதை நேரத்தில் மாற்றாமல் விட்டதால்தான் அம்மா குளிரில் கிடந்து செத்தாள் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். போன கோடையில் 'ரேடியேட்டர அடுத்த வருசம் பாப்போம், மொதல்ல பாப்பா ரூமுக்குப் பெயிண்ட் அடிப்போம்' என்று சொன்னவள் கோமதி. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டின மனைவியின் முகத்தைப் பார்த்து, "ஒன் பெயிண்டுதான் எங்க அம்மையக் கொன்னுட்டு" என்று சொல்லியிருக்கிறாய். அவள் எனக்குப் போன் செய்து சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "மாமா, பாப்பாவக் கூட்டிக்கிட்டுக் களக்காட்டுக்கு அம்மா வீட்டுக்கு வாரேன். டிக்கெட் எடுத்தாச்சு. இனி இங்கன இருக்க முடியாது மாமா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஏன் என்று தெரியும்.

அந்த ரேடியேட்டரில் ஒரு பழுதும் இல்லை. அதை மூடி வைத்தவன் நான். உன் அப்பன்தான் மூடினான். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதமும்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பு ஏணி பார்வைக்கு நன்றாக இருக்கிறது, அதைக் குளியலறையில் வை. துண்டு காயும், அவ்வளவுதான். அதை நம்பி ஹாலில் உட்காராதே. ஹாலுக்கும் உங்கள் அறைக்கும் இரட்டைத் தகடு வாங்கு. இப்போது இருக்கிற அகலமே இருக்கட்டும், பைப்பை அங்கே இங்கே இழுத்து ஒட்ட வேண்டாம். ஜன்னலுக்குக் கீழேதான் மாட்ட வேண்டும். சுவர் காலியாக இருக்கிறதே என்று ஆட்கள் வேறு இடம் காட்டுவார்கள், கேட்காதே. மாட்டிய பிறகு அதன் முன்னால் சோபாவைப் போட்டு மறைக்காதே. எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய பைப் முழுவதையும் கழுவச் சொல். உள்ளே கறுப்புச் சேறு இருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் புதுசும் இரண்டே வருஷத்தில் பழசாகிவிடும். கடைசியாக, ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்பும்போது, ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார். மேலே கீழே எல்லாம் ஒரே சூடாக இருக்கிறதா, கடைசி அறைக்கும் சூடு போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அவர்களையே வைத்துச் சரிசெய். ஆள் இருக்கும்போதே செய்துவிடு. வீட்டில் இருக்கிற அரைகுறை எவனும் பிறகு கை வைக்கும்படி விட்டுவிடாதே.

அந்த அரைகுறை நான்தான். ஐப்பசியில் நாங்கள் வந்து இறங்கிய அன்று உன் அம்மா அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னலே, தொவைக்கிற கல்ல கொண்டுபோயி செவத்துல மாட்டி வச்சிருக்க" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே விளக்கினாய். அடுக்களையில் பாய்லர் இருக்கிறது, அங்கே கொதிக்கிற தண்ணீர் பைப் வழியாக ஒவ்வொரு அறைத் தகட்டுக்குள்ளும் ஓடித் திரும்புகிறது, அதனால்தான் வீடு சூடாக இருக்கிறது என்றாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. விக்கிரமசிங்கபுரத்து மில்லில் முப்பத்தொரு வருஷம் ஸ்டீம் லைனில் கிடந்தவனுக்கு இது விளையாட்டுச் சாமான். குனிந்து வால்வைத் தொட்டேன். நீ, "யப்பா, அது ஒங்க மில்லு இல்ல. கைய வச்சி எதையாவது கழட்டிப் போடாதிய" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். கோமதியும் சிரித்தாள், உன் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்குள் தைத்துவிட்டது. எழுபது வயதுக் கிழவனுக்கு இவ்வளவு ரோஷம் எதற்கு என்று கேட்பாய். கூட இருந்த மூன்று பேரும் சிரித்ததுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பாப்பாவின் அறைதான் கடைசி. பாய்லரில் இருந்து கிளம்பும் தண்ணீர் எல்லா அறையும் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேரும்போது அதற்குப் பலம் இருக்காது. நம்ம தெருவிலேயே பார்த்திருக்கிறாய், முதல் வீட்டுக்காரன் குழாயை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டால் மேட்டில் இருக்கிற கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எங்கள் அறை அனலாகக் கொதித்தது. பாப்பா அறை வெதுவெதுப்போடு நின்றது. பிள்ளையின் கை காலெல்லாம் சில்லென்று இருக்கிறது என்று கோமதி இரண்டு சட்டை, அதற்கு மேல் ஒன்று என்று போட்டுத் திணித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மருந்து எனக்குத் தெரியும். ரேடியேட்டரின் ஒரு முனையில் நம்பர் போட்ட திருகு இருக்கிறதே, அது எல்லோரும் திருகுவதற்கு. மறு முனையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு வால்வு. அது ஆட்கள் தண்ணீரைப் பங்கு பிரித்துவிடுவதற்கு வைத்தது, வீட்டுக்காரர்கள் அதைத் தொடுவதில்லை, பலருக்கு அது இருப்பதே தெரியாது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அடுக்களை டிராயரில் இருந்து குறடு ஒன்றை எடுத்து, அந்த மூடியைக் கழற்றி, எங்கள் அறை வால்வைப் பாதி மூடினேன்.

மறுநாள் பாப்பா அறை சூடாகிவிட்டது. நீ சாயங்காலம் வந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க பாரு கோமதி, தானா சரியாயிட்டு" என்றாய். நான் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாராட்டியிருப்பாய் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. தொடாதே என்றவனுடைய வீட்டை அவனுக்குத் தெரியாமலே சரிசெய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தனியாக வைத்துத் தின்கிற பலகாரம் மாதிரி அதை நானே வைத்துக்கொண்டேன். பாதி மூடினதுக்கே இவ்வளவு என்றால், இன்னும் கொஞ்சம் மூடினால் என்ன என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாலைந்து நாளில் முழுசாக மூடிவிட்டேன். பாப்பா அறை நன்றாகக் கொதித்தது. பிள்ளை ஒற்றைச் சட்டையோடு தவழ்ந்தது.

உன் அம்மாவுக்குத் தெரியும். நான் தரையில் படுத்துக்கொண்டு வால்வைத் திருகும்போது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். "அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள். "அவனுக்கு என்ன தெரியும், கம்ப்யூட்டர் தட்டுதவனுக்கு" என்றேன். ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஊரில் இட்லி மாவு புளிக்கும் என்று கோமதி சொல்லிக்கொடுத்திருந்தாள் இல்லையா. எங்கள் அறையில் வைத்த மாவு பொங்காமல் அப்படியே கிடந்ததும், உன் அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாப்பா அறையில் வைத்தாள். மாவுக்கு இடம் மாற்றிக் கொடுத்தவள் தனக்கு மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, "ஏங்க, குளுருது. கொஞ்சம் போல தொறந்து விடுங்களேன்" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மார்கழில பாவநாசத்து ஆத்துல முங்கிக் குளிச்சவதான நீ. இந்தக் குளுருக்கு என்ன. பிள்ளைக்குச் சூடு வேண்டாமா" என்று சொன்னேன். அவள், "சரி, பிள்ளைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வீசிங் இருக்கிறவள். நாற்பத்தாறு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அவள் மூச்சின் சத்தம் மாறினது கேட்கவில்லை. எனக்குக் குளிரவில்லை, அதனால் அவளுக்கும் குளிராது என்று இருந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாத் தப்புக்கும் இது ஒன்றே காரணம் என்று இப்போது தெரிகிறது.

அறை சில்லிட்டுக் கிடப்பதை நீயும் கவனித்தாய். வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாய். திருகை ஐந்தாம் நம்பர் வரை திருப்பினாய். மேலே இருக்கிற ஆணியைத் திருகிக் காற்றை வெளியே விட்டாய். தட்டிப் பார்த்தாய். நீ என்ன செய்தாலும் மறு முனையில் நான் மூடி வைத்திருக்கும்போது அது எப்படிச் சூடாகும்? நான் உன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பழைய சவம்பா இது, ஆளக் கூப்பிடுதேன்" என்றாய். நான், "ஆளெல்லாம் வேண்டாம், நாங்க சமாளிச்சிக்கிடுவோம்" என்றேன். கோமதி கரண்டில் ஓடுகிற ஹீட்டர் ஒன்று வாங்கிவருகிறேன் என்றாள். அது மூச்சை அடைக்கும் என்று சொல்லி அதையும் நான்தான் வேண்டாம் என்றேன். நீ கவனிக்காமலும் இல்லை, கோமதி கேட்காமலும் இல்லை. இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் தடுத்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் நீ சத்தம் போட்டிருப்பாய், சொல்லச் சொல்லக் கேக்காம கைய வச்சிட்டியளா என்று கேட்டிருப்பாய். மகனிடம் அந்தப் பேச்சை வாங்கக்கூடாது என்பதற்காக உன் அம்மாவைக் குளிரில் படுக்க விட்டேன். இதை எழுதும்போதே எனக்கு என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. நீ டாக்டரிடம் பேச வெளியே போயிருந்தாய். மூக்கில் குழாயோடு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "வீட்டுக்குப் போனதும் அந்த வால்வத் தொறந்து விட்டுருங்க. நான் வரும்போது ரூம் கொஞ்சம் சூடா இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன். வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் போய்க் கட்டிலைப் பார்த்தேன். கட்டில் காலி. ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு, அவள் வருகிற அன்று காலையில் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். நாம் அப்படியே வளர்ந்தவர்கள். அறையை விட்டு வெளியே வந்தால் ஃபேனை அணைக்க வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் ஃபேனை அணைக்காமல் விளையாடப் போனதற்கு எத்தனை நாள் உன் முதுகில் வைத்திருக்கிறேன். அந்தப் புத்திதான் எனக்கு அன்றைக்கும் வந்தது. அவள் கடைசியாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் செய்யவில்லை. அவள் வரவும் இல்லை.

டாக்டர் உன்னிடம் சொன்னதை நீ எனக்கும் சொன்னாய். இப்படிப்பட்ட நுரையீரலுக்குக் குளிர்ந்த அறை நல்லதில்லை, ஆனால் வயதும் இருக்கிறது, வீசிங்கும் இருக்கிறது, இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது என்று சொன்னாராம். நீ அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாய். நான் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். மூன்று மாதம் அதைச் சொல்லிச் சொல்லி என்னையே தேற்றிக்கொண்டேன். இனி முடியாது.

அஸ்தியை எடுத்துக்கொண்டு நீயும் நானும் கிளம்பின அன்று, பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு, நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ நான் அழுவதற்காகச் சாத்தினேன் என்று நினைத்து வெளியே காத்திருந்தாய். நான் தரையில் படுத்து வால்வை முழுசாகத் திறந்து, வெள்ளை மூடியைத் துடைத்து மாட்டி, வெளியே வந்து குறடு இருந்த அடுக்களை டிராயரிலேயே அதை வைத்தேன். வேலை முடிந்து கிளம்புகிறவன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்கிற பழக்கம். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்கிற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாவநாசத்தில் ஆற்றில் கரைத்துவிட்டு நீ திரும்பிப் போனாய். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாய். "யப்பா, அம்மா ரூம் ரேடியேட்டர் கொதிக்குதுப்பா. யாரும் தொடல. தானா கொதிக்குது. அவ இருக்கும்போது ஒரே ஒரு நாள் இப்படி இருந்திருக்கப்பிடாதா?" என்று கேட்டு, போனைப் பிடித்துக்கொண்டே விக்கி விக்கி அழுதாய். நாற்பது வயது ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அழாதலே, எல்லாம் விதி" என்றேன். விதியின் தலையில் போட்டேன் பார், அது இந்த எல்லாவற்றிலும் கேவலம்.

இது முதல் தடவையும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நீ ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து கை முறிந்தது ஞாபகம் இருக்கும். கோமதியிடம் இன்றைக்கும் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறாய், நான் அம்புட்டு வேகமாப் போவேன் என்று. நீ வேகமாகப் போகவில்லை. அதற்கு முந்தின நாள் அந்தச் சைக்கிளை நான் பிரித்து எண்ணெய் போட்டுப் பூட்டினேன். பிரேக் நட்டை முறுக்க மறந்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான், நட்டு ஆடுவதைப் பார்த்தேன். ஸ்பேனரை எடுத்து முறுக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்டுக் கிடந்த உன்னைப் பார்த்து, "கண்ணு என்ன பொடதியிலயாலே இருக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் ஏசினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நம்ம மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டாய். உன் அம்மா நான் நட்டை முறுக்கும்போது வாசலில் நின்று பார்த்தாள். "அவன்ட்ட சொல்லிருங்க, பாவம் பிள்ள" என்று அன்றைக்கும் சொன்னாள். அதன் பிறகு நீ சைக்கிளில் கூட்டத்துக்குள் போகப் பயந்ததும், கார் ஓட்டப் படிக்கும்போது இறக்கம் வந்தாலே பிரேக்கை மிதித்து நின்றுவிட்டதும் எனக்குத் தெரியும். என் தப்பைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது அதையேதான் செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு கை, இன்றைக்கு உன் குடும்பம்.

மில்லில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஸ்டீம் லைனில் எவன் ஒரு வால்வை மூடுகிறானோ, அவன் தன் பேர் எழுதின தகரத்தை அதில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தால், அடுத்து வருகிறவனைப் பார்த்து, இன்ன வால்வை நான் மூடியிருக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். நான் அதில் கறார். தகரம் மாட்டாத ஒருத்தனை மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஏசியிருக்கிறேன். யாரோ ஒருவன் கை வெந்துவிடக் கூடாது என்று மில்லில் அவ்வளவு பார்த்தவன், பெற்ற பிள்ளையின் வீட்டில் பேர் எழுதாமல் மூடினேன். எந்நேரமும் இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பங்குனி வெயில் இங்கே கொளுத்துகிறது. வீட்டுக்குள் சுவரெல்லாம் சுடுகிறது. ஃபேன் போட்டால்கூட அனல் காற்றுதான் வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "என்ன வே, இந்தப் புழுக்கத்துல ஃபேனும் போடாம உக்காந்திருக்கீரு, கோட்டி கீட்டி பிடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உன் அம்மா கொஞ்சம்போல கேட்ட சூடு இங்கே வீடு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை. எனக்கு எந்த நம்பிக்கையும் மிச்சம் இல்லை, அதை உன்னிடம் மறைக்கவும் இல்லை. செத்தவளிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கலாம், ஆனால் நீ கொடுப்பாய் என்று நினைத்து இதை எழுதவில்லை.

அந்த அறைக்கு எந்த ரேடியேட்டர் என்று நீ கேட்டதற்கு இன்னும் சொல்லவில்லை. நான் வந்து இருப்பதற்காகப் பெரியதாக ஒன்று போடப் போவதாகச் சொன்னாய். எனக்காகப் போடாதே. நான் இனி அந்த அறையில் கால் வைக்க மாட்டேன், நீயே கூப்பிட்டாலும் வரமாட்டேன். அங்கே இருக்கிற பழையதே நல்ல சாமான், இன்னும் பத்து வருஷம் உழைக்கும். அதைப் பார்க்கவே முடியவில்லை என்றால் கழற்றிவிடு. ஆனால் கோபத்தில் கழற்றாதே, அது ஒன்றும் செய்யவில்லை. கோமதியும் ஒன்றும் செய்யவில்லை. மாமியாருக்குத் தலைவாரிவிட்டு, கஷாயம் வைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் நீ தூங்கிப்போன நேரத்திலும் கண் மூடாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை அவள். அவளைப் போய் அப்படி ஒரு வார்த்தை சொன்னாய். சொன்னது நீதான், ஆனால் அந்த வார்த்தையை உன் வாயில் கொண்டுவந்து வைத்தது என் மௌனம். நான் ஊமையாக இருந்த ஒவ்வொரு நாளும் அவள் உன்னிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

என்னை எனக்குத் தெரியும். இதை எழுதி முடித்துவிட்டு, நாளைக்கு அனுப்பலாம், ஆட்கள் வந்து போகட்டும், அவன் மனசு ஆறட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டுகிற ஆள் நான். அதனால் ஒரு காரியம் செய்துகொண்டு வருகிறேன். ஒவ்வொரு பக்கமும் முடிய முடிய, போட்டோ எடுத்து முதலில் கோமதிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதியதை அவள் படித்துவிட்டாள். படித்ததற்கு அடையாளமாகப் போனில் நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் ஒன்றும் போடவில்லை. இனி நான் நினைத்தாலும் இதை மறைக்க முடியாது. நீ இந்தக் கடிதத்தைப் பார்க்கும் முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரிந்ததாலேயே அவள் உன்னை மன்னித்துவிடுவாள் என்று எண்ணிவிடாதே. நீதான் எழுந்து போக வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவளிடம் போ. களக்காட்டுக்குப் போகிற டிக்கெட்டை அவள் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போதே போ. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல். அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் நின்று கேள். நான் உனக்கு ஒரு நாளும் செய்து காட்டாத காரியம் அது, பார்த்துப் படித்துக்கொள்ள உனக்கு வழியில்லாமல் போயிற்று, ஆனாலும் செய்.

அதற்குப் பிறகு, அப்பா என்று கூப்பிட உனக்கு வாய் வந்தால் கூப்பிடு. வரவில்லை என்றால் அது நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் விசாரித்து நான் இருக்கிறேனா என்று தெரிந்துகொண்டால் போதும். ஆனால் இது ஒன்றை மட்டும் உன் மகளிடம் ஒரு நாள் சொல்ல வேண்டிவந்தால் சரியாகச் சொல். உன் அம்மாவைக் குளிரில் படுக்க வைத்தது நான். கோமதி இல்லை. நீ இல்லையப்பா.